2021 நவம்பர் 1 முதல் பள்ளிக்கூடம்: சென்னைப் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1-ஆம் தேதியே திறந்துவிட்டன. அடுத்து நவம்பர் 1, திங்கட்கிழமை, 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளின் முறை வந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் 19 மாதம் கழித்து அவர்களுக்குத் திறந்தது. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றாம் வகுப்பு முழுவதும் ஒரு நாள்கூட வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை. பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குவது இயல்புதான். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்லவே அப்போது எழுதியது இந்தப் பக்கம்.

கட்டாயம் அனுப்பித்தான் ஆகவேண்டுமா?

இல்லை. வருகை கட்டாயமில்லை என்று 2021-இல் அரசு சொல்லியிருந்தது. பெற்றோர் சம்மதத்தோடுதான் பிள்ளை வகுப்புக்கு வரலாம் என்று இருந்தது. ஆனாலும் எங்கள் கருத்தைக் கேட்டால், உடம்பு நன்றாக இருக்கும் பிள்ளையை அனுப்புங்கள் என்றுதான் சொல்வோம். 19 மாத இழப்பு சின்ன விஷயமில்லை. இதய நோய், புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை என்று ஏதாவது இருந்தால் மட்டும் பார்த்துவரும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் அப்போது திறக்கவில்லை.

மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்கிறார்களே?

அதற்கு ஆதாரம் இல்லை. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாடு முழுவதும் நடத்திய ரத்த ஆய்வில், 6 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயது வரை 61.6 சதவீதம் பேருக்கும் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோதே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. பெரும்பாலானோருக்கு லேசான காய்ச்சல், இருமலோடு முடிந்தது; பலருக்கு வந்ததே தெரியவில்லை.

நாம் கவலைப்பட வேண்டியது வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியைப் பற்றி. 2021 நவம்பரில் பிள்ளைகளுக்கு இன்னும் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியிருக்கவில்லை. அதனால் சுற்றியிருக்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் வேலி. அப்போது கோவிஷீல்டு என்றால் முதல் ஊசியிலிருந்து 84 நாள், கோவாக்சின் என்றால் 28 நாள் கழித்து இரண்டாவது ஊசி என்று இருந்தது. நாள் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள் என்பதே அப்போதைய அறிவுரை. வேன் டிரைவர், ஆயா, டியூஷன் மிஸ் போட்டுக்கொண்டார்களா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பள்ளியில் சானிடைசர் தெளித்து, வாசலில் நெற்றிக் காய்ச்சல் பார்க்கிறார்கள். அது போதுமா?

போதாது. இந்தக் கிருமி முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்றில். மேசையையும் கதவுப் பிடியையும் துடைப்பது நல்லதுதான், ஆனால் அது இரண்டாம் பட்சம். முதலில் பார்க்க வேண்டியது ஜன்னல்.

எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் திறந்திருந்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். ஒரே சுவரில் மட்டும் ஜன்னல் என்றால் வகுப்பறைக் கதவையும் திறந்தே வைக்க வேண்டும். சீலிங் ஃபேன் காற்றைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது. மூடிய அறையில் அது உள்ளே இருக்கும் காற்றையே எல்லாருக்கும் பரிமாறுகிறது. காற்றோட்டம் குறைந்த அறையில் ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலோரம் வெளியே பார்த்தபடி வைத்தால் உள்காற்று வெளியே தள்ளப்படும், புதுக்காற்று கதவு வழியாக வரும். வகுப்பு தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். ஏ.சி. வகுப்பறை என்றால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பதே சரி.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அறையின் நடுவில் ஒரு ஊதுபத்தி ஏற்றிப் புகையைக் கவனியுங்கள். அது ஒரு திசையில் சாய்ந்து ஜன்னலை நோக்கி நகர்ந்தால் காற்று ஓடுகிறது. நேராக மேலே போய்க் கூரைக்கடியில் தங்கி நின்றால் அந்த அறையில் ஏதாவது மாற்றம் செய்தாக வேண்டும்.

சென்னையில் ஜன்னலை மூட இரண்டு காரணம் சொல்வார்கள்: கொசு, மழை. கொசுவுக்கு வலை அடிக்கலாம். மழைச் சாரலுக்கு, காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு எதிர்ப்பக்கத்தையும், மேலே இருக்கும் வென்டிலேட்டரையும் திறந்தே வைக்கலாம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது ஹெச்.எம்.மிடம் இதைக் கேளுங்கள். கூடவே ஒரு வகுப்பில் எத்தனை பேர், சாப்பாடு எங்கே, குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டது எந்தத் தேதியில் என்பதையும் கேளுங்கள். 20 பேருக்கு மேல் இருந்தால் சுழற்சி முறை வைத்திருக்கிறார்களா என்பதும் தெரிந்தாக வேண்டும்.

எந்த மாஸ்க்? எத்தனை?

மூன்றடுக்குத் துணி மாஸ்க் அல்லது சர்ஜிகல் மாஸ்க் போதும். வால்வு வைத்தது வேண்டாம். அதில் வெளிவிடும் மூச்சு வடிகட்டப்படாமல் போகிறது. ஃபேஸ் ஷீல்டு மாஸ்க்குக்கு மாற்றல்ல. 5 வயது வரை மாஸ்க் தேவையில்லை. 6 முதல் 11 வயது வரை பெரியவர் பார்வையில் போடலாம், 12 வயதிலிருந்து பெரியவர்களைப் போலவே.

பெரியவர் அளவு மாஸ்க்கைச் சின்னப் பிள்ளைக்குப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. கன்னத்தோரம் இடைவெளி விழும், மூக்குக்குக் கீழே வழுக்கும், பிள்ளை நிமிடத்துக்கு ஒரு தரம் கையால் இழுத்துவிடும். காதுநாடாவில் மாஸ்க் ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பக்கவாட்டு மடிப்பை உள்ளே தள்ளினால் இடைவெளி குறையும். கண்ணாடி போடும் பிள்ளைக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் மேல் விளிம்பில் மூச்சு கசிகிறது என்று அர்த்தம்; மூக்குக் கம்பி இருக்கும் மாஸ்க்காக வாங்கி அழுத்திவிடுங்கள்.

பையில் இரண்டு மாற்று மாஸ்க் இருக்கட்டும். ஒன்று சாப்பாட்டுக்குப் பிறகு மாற்ற, இன்னொன்று மழையில் நனைந்தால். நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடுவது சிரமம், வடிகட்டவும் செய்யாது. மார்க்கரில் பெயரெழுதுங்கள், பிள்ளைகள் கார்ட்டூன் மாஸ்க்கை மாற்றிக்கொள்வார்கள். விளையாட்டு பீரியடில் ஓடும்போது மாஸ்க் வேண்டாம், இடைவெளி போதும்.

சாப்பாட்டு நேரம்?

நாள் முழுக்க இருக்கும் பாதுகாப்பு அந்த அரை மணி நேரத்தில் கலைந்துபோகிறது. மாஸ்க் இருக்காது, பேச்சு இருக்கும், டிபன் பாக்ஸ் கைமாறும். வராந்தாவிலோ மரத்தடியிலோ பாதி வகுப்பாகப் பிரித்து உட்கார வைக்கும் பள்ளி நல்ல பள்ளி. வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவது பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிற மாதிரி இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். பள்ளிக் கழிப்பறைக்குப் போக அருவருப்பாக இருக்கிறது என்று பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர் எரிச்சலும் தொற்றும் வருவது அதனால்தான். ஒரு லிட்டர் பாட்டில் கொடுத்து, மாலையில் எவ்வளவு மீதி என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடிக்கவில்லை. கழிப்பறை மோசம் என்று பிள்ளை சொன்னால் அதைப் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவும் சுகாதாரப் பிரச்சினைதான்.

சானிடைசர் கொடுத்தனுப்பலாமா?

6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்குச் சின்னப் பாட்டில் கொடுக்கலாம். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், வாயில் வைத்துவிடுவார்கள். சோப்பும் தண்ணீரும் 20 நொடி போதும், செலவும் குறைவு.

2021-இல் நவம்பர் 4 தீபாவளி. சானிடைசர் தடவிய கையோடு மத்தாப்பைத் தொடவே கூடாது. ஆல்கஹால் நெருப்பு பகலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது; தெரிவதற்குள் கை வெந்துவிடும். பட்டாசு வெடிக்கும் நாட்களில் பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டு ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வாசலில் வையுங்கள்.

வேன், ஆட்டோவில் அனுப்பலாமா?

பள்ளிக்கூடம் நடக்கிற தூரம் என்றால் நடத்திக் கூட்டிப்போங்கள். வேன் என்றால் ஏ.சி. போடாமல், முன்னால் ஒரு பக்கமும் பின்னால் எதிர்ப்பக்கமும் ஜன்னலை மூன்று விரல் அளவாவது திறந்துவைக்கச் சொல்லுங்கள், மழை பெய்தாலும். மாநகரப் பேருந்தில் போகும் பிள்ளைகள் புது பாஸ் வரும்வரை சீருடையோ அடையாள அட்டையோ காட்டினால் போதும் என்று 2021-இல் இருந்தது.

காலையில் லேசாக உடம்பு சுடுகிறது. ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. வாசலில் தெர்மாமீட்டர் 98 காட்டும். மருந்தின் வேகம் தணிந்ததும் மதியம் பிள்ளை வகுப்பில் சுருண்டு படுத்திருப்பான். அதற்குள் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் நாலு மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருப்பார்கள்.

காய்ச்சல், புதிதாக வந்த இருமல், தொண்டை வலி, வாந்தி, பேதி, வாசனை தெரியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு வீடு. வகுப்பு மிஸ்ஸுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். 100 சதவீத வருகைக்குப் பரிசு என்ற பழக்கத்தைப் பள்ளிகள் இந்த ஆண்டு கைவிட வேண்டும். சான்றிதழுக்காகக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் உண்டு.

சரி, வீட்டில் வைத்திருக்கிறோம். பாராசிட்டமால் எவ்வளவு கொடுப்பது?

வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். 6 மணி நேர இடைவெளி விட்டு, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் போகக்கூடாது.

தப்பு நடப்பது சிரப்பில். மருந்துக்கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 20 கிலோ பிள்ளைக்கு முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லி. "போன தடவை 10 மில்லி கொடுத்தோமே" என்று இரண்டாவது பாட்டிலிலிருந்து 10 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். இரண்டு மூன்று நாள் அப்படியே தொடர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி: ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள், பாட்டில் மூடியிலுள்ள அளவுக்கோட்டில் அளந்து ஊற்றுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம். சளிக்கென்று வாங்கும் கலவை சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது, அதையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவாகிவிடும்.

ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் இரண்டும் வேண்டாம்.

கொரோனாவா, டெங்குவா? மழைக்காலம் வேறு.

அறிகுறியை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூக்கொழுகல், இருமல், தொண்டைவலி இருந்தால் கொரோனா அல்லது சாதாரண வைரஸ் பக்கம் சாயலாம். சளி இல்லாமல் திடீரென்று 103 காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிவது போல வலி என்றால் டெங்குவை நினைக்க வேண்டும். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் கொரோனாவுக்கு ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையோடு டெங்குவுக்கும் ரத்தம் கொடுங்கள். டெங்குவைக் காட்டும் என்.எஸ்.1 ரத்தச் சோதனையைக் காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாளுக்குள் எடுத்தால்தான் உபயோகம்.

டெங்குவில் மக்கள் ஏமாறும் இடம் ஒன்று. காய்ச்சல் விட்டதும் "சரியாகிவிட்டது" என்று நிம்மதியடைகிறார்கள். ஆபத்து அப்போதுதான் தொடங்கும், பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள். காய்ச்சல் இறங்கிய பிறகு கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தால் இரவு எந்நேரமானாலும் மருத்துவமனை.

டெங்குக் கொசு பகலில், அதாவது பள்ளி நேரத்தில் கடிக்கும். 19 மாதம் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் மொட்டைமாடி, உடைந்த சிண்டெக்ஸ் மூடி, அடுக்கி வைத்த பழைய டெஸ்க் என்று தண்ணீர் தேங்க இடம் நிறைய. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகிறது. அதனால் வாரம் ஒரு தரம் கொட்டிக் கவிழ்த்தால் போதும். முழுக்கை சட்டை, சாக்ஸ் போட்டு அனுப்புங்கள்.

கொரோனா பாசிட்டிவ் வந்துவிட்டது. வீட்டில் எதைக் கவனிப்பது?

மூச்சைத்தான். பிள்ளை தூங்கும்போது அல்லது அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், பிள்ளைகளின் மூச்சு சீராக இருக்காது. 1 முதல் 5 வயது வரை 40-ஐத் தொட்டாலும், 5-க்கு மேல் 30-ஐத் தொட்டாலும் டாக்டர் பார்க்க வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இருந்தால், அது 94 அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். மாட்டிய உடனே வரும் எண்ணை நம்பாதீர்கள். கை அசையாமல் ஒரு நிமிடம் விட்டு, நிலையாக நிற்கும் எண்ணைக் குறியுங்கள். தீபாவளிக்கு இட்ட அடர்த்தியான மருதாணி, நெயில் பாலிஷ், ஜில்லிட்ட விரல் எல்லாம் தப்பாகக் காட்டலாம். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் மாட்டியபடியே வீட்டுக்குள் 6 நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள்: 94-க்குக் கீழே இறங்கினாலோ, 3 புள்ளிக்கு மேல் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இந்தச் சோதனை கூடாது.

லேசான தொற்றுக்கு ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, சி.டி. ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையில் வரும் சி.டி. வேல்யூ (இது ஸ்கேன் அல்ல) என்ன என்று லேபைத் துளைப்பதிலும் பயனில்லை. நோய் எவ்வளவு கடுமை என்பதை அது சொல்லாது. பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் தூவிக் கலக்குவது தப்பு, உப்பு ஏறிவிடும். அதே போன்ற அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவை பானங்களில் சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும்.

குணமான பிறகும் 2 முதல் 6 வாரம் வரை ஒரு கண் வையுங்கள். மறுபடி காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, வயிற்றுவலி, வாந்தி என்று வந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போங்கள். எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. இப்படி ஆவது அபூர்வம்தான், ஆனால் சீக்கிரம் வந்தால் குணமாக்கலாம்.

திரும்ப எப்போது அனுப்பலாம்? நெகட்டிவ் காட்ட வேண்டுமா?

2021-இல் இருந்த விதிப்படி, அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 நாள் ஆகி, கடைசி 3 நாள் மருந்தில்லாமல் காய்ச்சல் இல்லாதிருந்தால் தனிமை முடிந்தது. நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்பது சரியில்லை. கிருமி செத்த பிறகும் ஆர்.டி.-பி.சி.ஆர். வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். வகுப்புத் தோழனுக்கு வந்து, உங்கள் பிள்ளை அவன் பக்கத்தில் இருந்திருந்தால் 14 நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. அறிகுறி இல்லையென்றால் 5-ஆம் நாளுக்கும் 10-ஆம் நாளுக்கும் இடையில் சோதனை என்பதும் அப்போதைய விதி. அந்தப் பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயர் வெளியானால் அடுத்த குடும்பம் சொல்லாமல் மறைக்கும், பாதிப்பு எல்லாருக்கும்தான்.

கபசுர குடிநீர், ஆவி பிடிப்பது?

கபசுர குடிநீர் மாஸ்க்குக்கும் தடுப்பூசிக்கும் மாற்றல்ல. கொடுக்க விரும்பினால் பிள்ளையின் வயதைச் சொல்லி சித்த மருத்துவரிடம் அளவு கேளுங்கள். ஆவி பிடிக்க வைக்கவே வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரம் தட்டிவிட்டுத் தொடை வெந்துபோகும் பிள்ளைகள் உண்டு. அதனால் கிருமியும் சாவதில்லை. விவரம் தெரிந்த பிள்ளை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிக்கலாம்.

காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வலிக்கவில்லை, மாலை நாலு மணிக்குச் சரியாகிவிடுகிறது என்றால் அது பயம். நடிப்பு என்று திட்டாதீர்கள், வலி உண்மையாகவே இருக்கும். இரவு பதினொன்றரைக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டு நாளைக்கு ஒரு தரம் 20 நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். ஷூவை இப்போதே போட்டுப் பாருங்கள். 19 மாதத்தில் கால் வளர்ந்திருக்கும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் வேண்டும். கரும்பலகை தெரிகிறதா என்று முதல் வாரமே கேளுங்கள். ஃபோனையே பார்த்திருந்த பிள்ளைகளில் பலருக்குக் கிட்டப்பார்வை வந்திருக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, படுக்கையை நனைப்பது தொடர்ந்தால் 14417-இல் கல்வி உதவி மையத்தையோ 104-ஐயோ கூப்பிட்டுப் பேசுங்கள். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால் 1098.

ஊரடங்கில் விட்டுப்போன மற்றத் தடுப்பூசிகள்?

5 வயதில் போடும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) பூஸ்டரும், 10 வயதில் போடும் டி.டி. (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்) ஊசியும் பலருக்கு விட்டுப்போயிருக்கின்றன. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். டி.பி.டி. பூஸ்டர் 7 வயதுக்குள் போட வேண்டும், அதனால் ஆறு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் இலவசமாகப் போடுகிறார்கள். பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள், அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள்.